மொட்டைப் புழுவிலும் புள்ளிகள்

1.

இந்தக் கதை என் வீட்டில் நடந்தது. வேறு யார் வீட்டிலோ நடந்ததாக எழுதிப் பார்த்தேன்; மூன்று பக்கம் தாண்டுவதற்குள் சண்டித்தனம் செய்தது. ஆகவே முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதில் வரும் ஆராய்ச்சியாளர் என் மனைவி. அவளுடைய மேற்பார்வையில் ஆய்வு செய்யும் மாணவி என் கூடப்பிறந்த தங்கை. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். முப்பதை நெருங்கியும் மாறவில்லை. மூன்று பேரும் நான்கு அறை கொண்ட ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் எழுத உட்கார்ந்தபோது அவர்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஆறு நாள் ஆகியிருந்தது.

நான் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. துணி துவைக்கும் இயந்திரத்தோடு ஒரு கையேடு வருமே, யாரும் படிக்காமல் அலமாரியில் போடுவது, அதை எழுதுவது என் வேலை. எண் போட்டு எழுதித்தான் பழக்கம்.

எழுதிய பக்கங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவேன். மனைவி பச்சை மையில் ஓரத்தில் குறித்து வைப்பாள். தங்கை பென்சிலில். அவற்றில் சிலதை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2.

தொடக்கம் ஒன்று: "இருட்டறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, சிவப்பாக…" இது பேய்க்கதை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "ஒவ்வொரு செல்லின் உள்ளேயும் உட்கரு என்ற ஒன்று இருக்கிறது." இது பாடப்புத்தகம். (பச்சை: இதுவே தேவலை.)

தேவலையோ இல்லையோ, கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது எதுவும் புரியாது. இருவரும் ஆராய்வது ஒரு புழுவை; அது ஒரு மில்லிமீட்டர் நீளம். உடம்பு கண்ணாடி மாதிரி. வெட்டாமலே உள்ளே பார்க்கலாம். குடலில் மொத்தம் இருபதே செல். ஒவ்வொரு செல்லிலும் மரபுச் செய்தியைப் பூட்டி வைத்திருக்கும் இடம்தான் உட்கரு. அந்தச் செய்தியிலிருந்து படியெடுக்கப்படுவது ஆர்.என்.ஏ. சில ஆர்.என்.ஏ.க்கள் வெளியே போய்ப் புரதம் செய்ய வைக்கும். வேறு சில, குட்டிக் குட்டியானவை, எந்தப் புரதத்துக்கும் வழி சொல்லாதவை, உட்கருவுக்குள்ளேயே தங்கி, எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் எங்கே இருக்கிறது, நடுவிலா, சுவரோரமா என்பதுதான் இந்த இருவரின் ஐந்து வருஷக் கேள்வி. "இடம் தெரிஞ்சா வேலை தெரிஞ்ச மாதிரி" என்பாள் என் மனைவி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த ஆர்.என்.ஏ.வை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற, சிவப்பாக ஒளிரும் ஒரு துணுக்கைப் புழுவுக்குள் செலுத்துவார்கள். பிறகு நுண்ணோக்கியில் சிவப்பு எங்கே தெரிகிறது என்று பார்ப்பார்கள். நன்றாகத் தின்ற புழுவில் சிவப்பு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பட்டினி போட்ட புழுவில், குடல் செல்களின் உட்கருவைச் சுற்றி, சுவரோரமாக, நாலைந்து சிவப்புப் புள்ளிகள். முதலில் பார்த்தது வாண்டு. பசி வந்தால் அந்த ஆர்.என்.ஏ. ஓரத்துக்கு ஒதுங்குகிறது என்று கட்டுரை வெளியானது. வாண்டு பெயர் முதலில், அவளுடைய அண்ணி பெயர் இரண்டாவது. வாண்டுவின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயத்தில் மூன்று இந்தப் புள்ளிகள்மேல்தான் நிற்கின்றன. நிற்கின்றன என்று நிகழ்காலத்தில் எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

3.

வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. தேர்வில் ஒரு கேள்வி வருமென்று என் மனைவிக்குத் தெரியும்: அந்த ஆர்.என்.ஏ.வே இல்லாத புழுவில் பார்த்தீர்களா? கட்டுரை எழுதிய காலத்தில் அப்படி ஒரு புழு கிடையாது. இப்போது வேறொரு ஆய்வகத்தில் அந்த ஆர்.என்.ஏ.வுக்குரிய மரபணுவை வெட்டி எடுத்து ஒன்றை உருவாக்கி, ஒரு சிறு தட்டில் வைத்துத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். ஆய்வகத்தில் அதற்கு மொட்டைப் புழு என்று பெயர் வைத்தார்கள். மொட்டையில் புள்ளி தெரியக் கூடாது. தேடிப்போகும் துணுக்குக்கு ஒட்டிக்கொள்ள அங்கே எதுவும் இல்லையே. அந்தப் படத்தை எடுத்து, தேர்வுக்கு முன்னால் வாண்டுவின் கையில் கொடுத்து, "யாராவது கேட்டா இதைக் காட்டு" என்று சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். அதனால் வாண்டுவிடம் சொல்லாமலே புழுவை வளர்த்தாள், பட்டினி போட்டாள், துணுக்கைச் செலுத்தினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணி. நுண்ணோக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டுத்தான். கண்ணாடித் துண்டை வைத்துக் குவியத்தைத் திருப்பினாள். முதலில் நீலம்: உட்கருக்கள், குடல் நெடுக வரிசையாக. சரி. சிவப்புக்கு மாற்றினாள்.

நான்கு புள்ளிகள். சுவரோரமாக.

அவள் கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடித் துண்டின் மேலிருந்த எழுத்தைப் படித்தாள். மொட்டை என்றே எழுதியிருந்தது, அவள் கையெழுத்து. அடுத்த புழுவைப் பார்த்தாள். ஐந்து புள்ளி. அடுத்தது, மூன்று. இருபத்திரண்டு புழு பார்த்தாள். வயிற்றைப் பிசைந்தது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாமா என்று

(பச்சை: நான் யாரையும் கூப்பிட நினைக்கல. வயித்தையும் பிசையல. பக்கத்து அறையில கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு, உடனே திரையை அணைச்சேன். நான் என்ன நினைச்சேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என்ன செஞ்சேன்னு மட்டும் எழுதுங்க.)

சரி. என்ன செய்தாள் என்றால், திரையை அணைத்தாள். கதவைச் சாத்தியது வாண்டு. அறைக்குள் தலையை நீட்டி, "அண்ணி, வீட்டுக்குக் கிளம்பலாமா, இன்னும் நேரமாகுமா?" என்று கேட்டாள். நேரமாகும் என்றாள் இவள். வாண்டு போன பிறகு அந்தத் துணுக்கு எங்கே ஒட்டுகிறது என்று மறுபடி பார்த்தாள். குடல் செல்லில் இயல்பாகவே குட்டிக் குட்டி மணிகள் உண்டு. பட்டினியில் அவை உட்கருவை ஒட்டி நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன போலிருக்கிறது. துணுக்கு தேடியதை விட்டுவிட்டு அந்த மணிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அவர்கள் படம் பிடித்தது அதைத்தான்.

4.

அன்று சாயங்காலம் அவள் இதை ஒரு குடும்ப நண்பரிடம் சொன்னாள். அந்த நண்பர் நிதானமானவர், அனுபவஸ்தர். "பத்து நாள்தானே? அவ தேர்வு முடியட்டும். அப்புறம் மெதுவா எடுத்துச் சொல்லி, கட்டுரைக்கு ஒரு திருத்தம் அனுப்பிக்கலாம். இப்ப சொன்னா புள்ள உடைஞ்சு போயிடுவா" என்றார். மறுநாள் அவள் வாண்டுவிடம் சொல்லவில்லை.

(இந்த நண்பர்மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. எங்கிருந்து வந்தார், என்ன சட்டை போட்டிருந்தார், காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா வேண்டாமா, எதையும் என்னால் எழுத முடியவில்லை. பிறகு பார்க்கலாம்.)

(பென்சில்: யார் இந்த நண்பர்? நம்ம வீட்டுக்கு யாரும் வரலையே.)

5.

புதன்கிழமை சாயங்காலம் வாண்டு கூடத்துச் சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டினாள். தேர்வில் பேசப்போவதைப் பேசிக் காட்ட வேண்டுமாம். படங்களை மாற்றும் பொறுப்பு எனக்கு. அவளுடைய அண்ணி சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்; முதுகு சாயவில்லை.

வாண்டு நன்றாகப் பேசினாள். குளியலறையில் கண்ணாடியைப் பார்த்துப் பத்து முறை சொல்லிப் பார்த்திருப்பாள். எங்கே நிறுத்துவது, எங்கே திரும்பிப் படத்தைக் காட்டுவது எல்லாம் கச்சிதம். நடுவில் ஒரு நகைச்சுவைகூட வைத்திருந்தாள்: பசி வந்தால் எல்லாரும் சமையலறைப் பக்கம் ஒதுங்குவோம், இந்த ஆர்.என்.ஏ. சுவர்ப் பக்கம் ஒதுங்குகிறது. நான் சிரித்தேன். ஒற்றை ஆளாகச் சிரித்ததால் அது எனக்கே நாராசமாகக் கேட்டது.

மூன்றாவது படம் வந்தது. போர்வையில் ஆளுயரத்துக்கு நீல உட்கரு, அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். துணி காற்றில் அசைந்தபோது புள்ளிகளும் அசைந்தன. வாண்டு குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். என் மனைவி அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, வாண்டுவின் கையைப் பார்த்தாள்.

முடித்ததும் வாண்டு மூச்சு வாங்கியபடி கேட்டாள். "எங்கயாவது இடறுதா, அண்ணி?"

நான் படம் மாற்றும் பொத்தானைச் சும்மா அழுத்திவிட்டேன்; போர்வையில் நன்றியுரை வந்து நின்றது.

"பேச்சு நல்லா இருக்கு" என்றாள் அவள்.

"அப்ப வேற எது நல்லா இல்ல?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடி."

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தவள் வெகுநேரம் மூடவில்லை. வாண்டு என்னைப் பார்த்து, அண்ணிக்கு என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள். தலைவலியாக இருக்கும் என்று நான் வாயால் சொன்னேன்.

6.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் வாண்டுவை நுண்ணோக்கி அறைக்குக் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் நான் துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே இந்தப் பகுதி இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னது. சொன்னவை இரண்டும் ஒத்துப்போயின. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"உக்காந்து பாரு" என்றாள் அண்ணி.

வாண்டு பார்த்தாள். நீலம். சிவப்பு. வழக்கமான படம்தானே, இதற்கா கூப்பிட்டீர்கள் என்றாள். மேலே எழுதியிருப்பதைப் படி என்று பதில் வந்தது. படித்தாள். திரும்பக் கண்ணை வைத்தாள். இந்த முறை எடுக்கவில்லை. ஒவ்வொரு புழுவாக நகர்த்திக்கொண்டே போனாள். பக்கத்தில் நின்றவள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்: அழுகைக்கு, கோபத்துக்கு, புழு மாறியிருக்கும் என்ற வாதத்துக்கு. வாண்டு எதையும் செய்யவில்லை.

"நான் இதை முன்னாடியே பாத்திருக்கேன், அண்ணி."

எழுந்து போய்த் தன் மேசையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துவந்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அன்று அவள் ஒரு போலித் துணுக்கை வைத்துச் சோதித்திருக்கிறாள். எதையும் தேடாத துணுக்கு அது. எங்கும் ஒட்டக் கூடாது. பட்டினிப் புழுவில் செலுத்தியதில் ஓரத்தில் புள்ளிகள். கீழே அவள் கையெழுத்தில் இரண்டு வரி: "அண்ணியிடம் காட்டினேன். குழாய் மாறியிருக்கும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய் என்றார்." அடுத்த பக்கத்தில் புதிதாகச் செய்தது. அன்றைக்குப் பட்டினிப் புழு கைவசம் இல்லாததால் தின்ற புழுவில் செய்திருந்தாள். புள்ளி இல்லை. அருகில் ஒரு சரிக்குறி. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் மனைவிக்கு அந்த நாள் நினைவில்லை. எத்தனை முயன்றும் வரவில்லை. வாண்டுவுக்கு எல்லாம் நினைவிருந்தது: அண்ணி கையில் பையோடு வாசலில் நின்றது, ஒரு காலை வெளியே வைத்தபடியே திரும்பிப் பார்த்துச் சொன்னது, தனக்கு அப்பாடா என்று இருந்தது. "நீங்க சொன்னதை நம்பினேன்னு சொல்ல முடியாது. நம்பறதுக்கு வசதியா இருந்துச்சு" என்றாளாம்.

அண்ணி அந்த இரண்டு வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றாள். உண்மையைச் சொல்லப்போகிறவள் என்று நாலு நாளாகத் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். (இதை அவள் சொன்னாள். நான் நினைத்து எழுதவில்லை.) இப்போது பார்த்தால், அந்த உண்மை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தானாக வந்து கதவைத் தட்டியிருக்கிறது, போய்விட்டு வா என்று அனுப்பியவள் அவள்தான்.

அப்புறம்தான் வாண்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். "மொட்டையை நீங்க எப்ப பாத்தீங்க?"

"திங்கட்கிழமை."

வாண்டு விரல் விட்டு எண்ணவில்லை, எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. "புதன்கிழமை நான் குச்சியை வெச்சுத் தொட்டுத் தொட்டுக் காட்டினேனே."

"ஆமா."

"ஒவ்வொண்ணா."

"ஆமா."

"நகைச்சுவை வேற."

அண்ணி குறிப்பேட்டை மூடி எடுத்துக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து ஆய்வகத் தலைவரிடம் போனார்கள். சேர்ந்து என்றால், ஒரே நடைவழியில் ஆறடி இடைவெளி விட்டு. அவர் குறிப்பேட்டையும் படங்களையும் பார்த்தார். சத்தம் போடவில்லை. தேர்வைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதச் சொன்னார். "ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க" என்றார். அவருக்கு வீட்டு நிலவரம் தெரியாது.

7.

நான்காம் பகுதியில் ஒரு குடும்ப நண்பர் வருகிறார். அவரை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் அவள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே சொல்லியிருப்பாள். புதன்கிழமை போர்வையே கட்டியிருக்க மாட்டார்கள்.

நண்பர் எல்லாம் கிடையாது. அது நான்தான்.

அவள் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று என்னிடம் சொன்னாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே, நுரையோடு, பத்து நாள் பொறு என்றேன். தங்கை உடைந்துபோவாள் என்று சொன்னது பாதி நிஜம். மீதியை இப்போது சொல்கிறேன்: அம்மா அப்பா இல்லாத வீட்டில் இவளைப் படிக்க வைத்தது நான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன், பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுத் தெரு முழுக்கச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தவன்

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் வாண்டு கேட்டபோது என் மனைவி என் பெயரை எடுக்கவில்லை. வீட்டிலும் எடுக்கவில்லை. பழி முழுவதையும் தானே சுமந்துகொண்டு, தட்டை எடுத்துக்கொண்டுபோய் அறையில் தனியாகச் சாப்பிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆறு நாள் கழித்துக் கதை எழுதுகிறேன் என்று உட்கார்ந்தது, வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால்தான். இந்தப் பகுதியை வழக்கம்போல் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தேன். பென்சிலில் ஒரு வரி இருந்தது, எனக்கு அல்ல:

அண்ணி, இதை ஏன் நீங்க சொல்லல?

கீழே பச்சையில்: நீ கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் சொன்னார்தான். ஆனா பொறுத்தது நான்.

அதற்குக் கீழே பென்சிலில் எதையோ எழுதி, அழுத்தி அழித்திருந்தது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வைத்துவிட்டேன்.

8.

முடிவு ஒன்று: ஒரு வருஷம் கழித்து, குடலை விட்டுவிட்டுக் கருமுட்டை உருவாகும் செல்களில் தேடி, அந்த ஆர்.என்.ஏ. உட்கருவில் நிஜமாகவே எங்கே இருக்கிறது என்று வாண்டு… (பென்சில்: தேட ஆரம்பிச்சு இன்னும் ஒரு வாரம்கூட ஆகல. அங்கே ஒரு மங்கல் தெரியுது, மொட்டையில அது இல்ல. அவ்வளவுதான். அதையும் மூணு தடவை பாக்கணும். எழுதாதே.)

முடிவு இரண்டு: வாண்டு புழுவும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்று… (பச்சை: அவ அப்படிச் செய்யற ஆளில்ல.)

இந்தப் பச்சைக் குறிப்பை வாண்டு படித்தாள் என்பதற்குச் சாட்சி, பக்கத்தின் மூலையில் அவளுடைய தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை.

மூன்றாவதாக, நடந்ததைச் சொல்கிறேன். கடிதம் எழுதியாயிற்று. இருவரும் ஒரே கோப்பில், ஒருத்தி காலையிலும் ஒருத்தி மாலையிலுமாக, சந்திக்காமலே எழுதினார்கள். கையேடு எழுதுகிறவன் என்பதால் மொழியைச் சீர்படுத்த என்னிடம் கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர. "இந்தக் கோளாறின் முதல் அடையாளத்தை முதல் ஆசிரியர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டார், இரண்டாம் ஆசிரியரின் தவறான அறிவுரையால் அது கைவிடப்பட்டது." காலையில் மனைவி இதைச் சேர்க்கிறாள். மாலையில் தங்கை எடுத்துவிடுகிறாள். நான்கு நாளாக இதே கதை.

மனைவியிடம் கேட்டேன். அது இல்லாவிட்டால் கடிதமே பொய் என்றாள். கண்டது அவள், கெடுத்தது நான், அது பதிவாக வேண்டும் என்றாள். தங்கையிடம் கேட்டேன். வாசலில் நின்றவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணி தலையில் கட்டுவது அதைவிடப் பொய் என்றாள். தின்ற புழுவில் செய்து சரிக்குறி போட்டது என் கை, அதை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டாள். அந்த வரி இருந்தால் அண்ணியிடம் இனி எந்த மாணவியும் வரமாட்டாள் என்றும் சொன்னாள். அது இல்லாவிட்டால் தங்கையை இனி எந்த ஆய்வகமும் நம்பாது என்று மனைவி ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

கடிதம் நாளைக் காலை போக வேண்டும். அந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று தீர்மானிப்பதை இருவரும், தனித்தனியாக, என்னிடமே விட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்தப் பக்கத்தில் அதை எழுதி அழித்துவிட்டேன். ஒருமுறை இவர்களுக்காக நான் முடிவெடுத்து, அதன் பலனை நான்கு அறைக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று.

கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அந்த வாக்கியத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒருத்தியின் அறைக் கதவைத் தட்டினேன், பிறகு இன்னொருத்தியின் கதவை. என்னால் முடியாது, நீங்களே உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். மனைவி முதலில் வந்தாள். வாண்டு வாசலிலேயே நின்றாள். வருவாளா திரும்பிவிடுவாளா என்று தெரியவில்லை. பிறகு வந்து, எதிர் நாற்காலியில் உட்காராமல், அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் திரை தெரியும் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, முதல்ல அந்த 'அறிவுரை'ங்கிற சொல்லையே…"

நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே குரல்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. சொற்கள் எதுவும் பிடிபடவில்லை. பிடிபடும் தூரத்தில் நான் நிற்கவும் இல்லை. இவ்வளவு நேரம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்களும் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.